எட்டு மணி நேரத்துக்குப் பிறகும் வேகாத கேரட்

முதல் தடவை மூடியைத் திறந்தபோது வாசனை அருமையாக இருந்தது. பட்டை, ஆப்பிள், பன்றிக்கறி மூன்றும் சேர்ந்து எழுந்த வாசனை. மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கரை 'லோ'வில், அதாவது குறைந்த சூட்டில், வைத்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. கறித்துண்டு கரண்டி பட்டதுமே நார் நாராகப் பிரிந்தது. சரி, வெற்றிதான் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் கிடந்த கேரட்டை எடுத்துக் கடித்தேன். கடக் என்றது.

பச்சைக் கேரட்டைப் போல இல்லை, ஆனால் வெந்தது என்றும் சொல்ல முடியாது. ஆப்பிளைத் தேடினால் சுருண்ட தோல் மட்டும் மிதந்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு பாதி கரைந்து, மீதி தொட்டால் மசிந்தது. குழம்பு நீர்த்துப்போய், தித்திப்பு மட்டும் தூக்கலாக இருந்தது. ஒரே பாத்திரம், ஒரே சூடு, ஒரே நேரம். இருந்தும் உள்ளே போட்ட ஐந்து பொருளும் ஐந்து நிலையில் இருந்தன.

அந்தக் கேரட் என்னை விடவில்லை. அதற்காகவே கறியும் கிழங்கும் பழமும் சேர்ந்த இதே ஸ்டூவை, அதாவது கெட்டிக் குழம்பை, மேலும் இரண்டு முறை செய்தேன். இரண்டாவதில் ஒரு தெர்மாமீட்டரையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது நான் நினைத்தபடியே வந்தது. அந்த மூன்றாவதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். முதல் இரண்டில் கற்றது அங்கங்கே வரும்.

முதலில் அளவுகள். எலும்பில்லாத தோள்பட்டைக் கறி 1.6 கிலோ. கேரட் 400 கிராம், டர்னிப் (முள்ளங்கி போன்ற ஒரு கிழங்கு) 250 கிராம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு 400 கிராம். பெரிய வெங்காயம் 2, பூண்டு 6 பல். கொட்டை நீக்கிய உலர் பிளம்ஸ் 150 கிராம். இனிப்பு ஆப்பிள் 1, புளிப்பான பச்சை ஆப்பிள் 2. சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் ஜூஸ் 250 மில்லி, தண்ணீர் 150 மில்லி. பிரிஞ்சி இலை 2, விரல் நீளப் பட்டை ஒன்று, இடித்த மிளகு ஒரு டீஸ்பூன், அரைத்த கடுகு விழுது ஒரு மேசைக்கரண்டி, உப்பு, கடைசியில் கொஞ்சம் வினிகர். குக்கர் 6 லிட்டர் கொள்ளளவு, பீங்கான் பாத்திரம்.

கறியில் எந்தப் பகுதியை எடுக்கிறோம் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கொழுப்பில்லாத முதுகுக் கறி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நீண்ட நேரம் வைத்தால் மரத்தூள் மாதிரி ஆகிவிடும். தோள்பட்டை என்பது விலங்கு ஓயாமல் உழைக்க வைக்கும் தசை. உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சவ்வு ஓடும். அந்தச் சவ்வில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஈரத்தில், மணிக்கணக்கில் இருந்தால் அது ஜெலட்டினாக உருகிக் குழம்பில் கலக்கும். குழம்புக்கு வரும் கெட்டியும் உதட்டில் ஒட்டும் தன்மையும் அதனால்தான். சவ்வைப் பார்த்துவிட்டு வெட்டி எறிய வேண்டாம். மேலே தனியாகத் தடிமனாக இருக்கும் கொழுப்பை மட்டும் எடுத்தேன், அதிலும் ஒரு துண்டை வறுக்க வைத்துக்கொண்டேன்.

முந்தின இரவே கறியை மூன்று விரல் தடிமனில் பெரிய பாளங்களாக வெட்டி, 20 கிராம் உப்பைத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தேன். கறியின் எடையில் ஒன்றேகால் சதவீதம் வரும். இரவு முழுக்க உப்பு உள்ளே இறங்கும். மூடாமல் வைத்தால் மேற்பரப்பும் காய்ந்துவிடும். காலையில் தொட்டால் கையில் ஈரம் ஒட்டவில்லை. வறுக்கும்போது இந்தக் காய்ந்த மேற்பரப்புதான் கைகொடுக்கும்.

முதல் முறை வறுக்காமலே போட்டிருந்தேன். சாப்பிடலாம், ஆனால் சுவையில் அடித்தளமே இல்லை, வேகவைத்த கறி மாதிரி ஒரு வெளிறிய ருசி. கறி பழுப்பாகி மணம் வருவதற்கு மயார் வினை என்று பெயர். லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் இதைப் பற்றி எழுதினார். சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் அது வேகம் பிடிக்கும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் குழம்புக்குள் மூழ்கிய கறி எத்தனை மணி நேரம் கிடந்தாலும் அந்த நிறமும் மணமும் பெரிதாக வராது. குக்கருக்குள் போவதற்கு முன் சட்டியிலேயே அதை முடித்துவிட வேண்டும்.

இரண்டாம் முறை துண்டு துண்டாக வெட்டிவிட்டு வறுத்தேன், அது தவறான வரிசை. முப்பது நாற்பது துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம். சட்டி நிறைந்து, தண்ணீர் விட்டு, கறி தன் சாற்றிலேயே வெந்துகொண்டிருந்தது. மூன்றாம் முறை பாளத்தை அப்படியே வறுத்தேன். கனமான இரும்புச் சட்டியை நன்றாகக் காயவிட்டு, அந்தக் கொழுப்புத் துண்டைத் தேய்த்து, ஒரு நேரத்தில் இரண்டே பாளம். ஒரு பக்கம் நான்கைந்து நிமிடம், தொடாமல். சட்டியை விட்டுத் தானே கழன்று வரும்போது திருப்பினால் போதும். ஆழ்ந்த பழுப்பு வந்த பிறகு எடுத்து ஆறவிட்டு, 4 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பக்கம் சிவந்திருக்கும், மற்ற பக்கங்கள் மென்மையாகவே இருக்கும். மொத்தமே 25 நிமிடம்தான் ஆனது.

அதே சட்டியில் வெங்காயத்தை வதக்கினேன். வெங்காயம் விடும் ஈரத்தில் அடியில் ஒட்டியிருந்த பழுப்பு இளகத் தொடங்கும். பூண்டு, மிளகு, கடுகு விழுது போட்டு ஒரு நிமிடம். பிறகு ஆப்பிள் ஜூஸை ஊற்றி மரக்கரண்டியால் அடியைச் சுரண்டினேன். அந்தப் பழுப்பில் ஒரு துளியைக்கூட விடாதீர்கள்.

இனி கேரட் விஷயம். இரண்டாம் முறை ஒவ்வொரு அரை மணிக்கும் தெர்மாமீட்டரை மூடியின் ஓட்டை வழியாக இறக்கிக் குறித்துக்கொண்டே வந்தேன். குளிர்ந்த பொருள்களைப் போட்டு 'லோ'வில் வைத்தால், குழம்பு 50 டிகிரிக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கிருந்து 70-ஐத் தொட இன்னும் ஒன்றரை மணி நேரம். இந்த 50 முதல் 70 வரை உள்ள இடம்தான் கேரட்டுக்குச் சிக்கல்.

காய்களின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். அது கரைந்தால்தான் காய் மென்மையாகும். கேரட்டுக்குள் ஒரு என்சைம், அதாவது வேதிமாற்றத்தைத் தூண்டும் ஒரு புரதம், இருக்கிறது. 50–70 டிகிரி வெதுவெதுப்பில் அது விழித்துக்கொண்டு பெக்டினின் அமைப்பை மாற்றும். மாறிய பெக்டினைக் காயில் உள்ள கால்சியம் இறுக்கிப் பிணைத்துவிடும். அப்படிப் பிணைந்த பிறகு கொதிநிலைக்கே கொண்டுபோனாலும் கேரட் எளிதில் குழையாது. ஊறுகாய்க் காய்கள் நொறுநொறுப்பாக இருக்கவேண்டும் என்று இதே வழியைத் தெரிந்தே செய்பவர்கள் உண்டு. நான் தெரியாமலே ஒன்றரை மணி நேரம் கேரட்டை அந்த இடத்தில் உட்கார வைத்திருக்கிறேன்.

அது மட்டுமில்லை. அமிலமும் பெக்டின் கரைவதைத் தடுக்கும். முதல் முறை புளிப்பு ஆப்பிள், வினிகர் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே கொட்டியிருந்தேன். வெதுவெதுப்பு ஒரு பக்கம் இறுக்க, புளிப்பு இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டது.

இதே மெதுவான சூடு சர்க்கரைவள்ளிக்கிழங்கில் வேறு வேலை பார்க்கும் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். அதற்குள் இருக்கும் ஒரு என்சைம் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கும், அதுவும் கிட்டத்தட்ட 60–75 டிகிரியில் சுறுசுறுப்பாக. கிழங்கை நிதானமாகச் சுட்டால் அத்தனை இனிப்பாக வருவதற்குக் காரணம் இதுதான். தனியாகச் சாப்பிட அது நல்லது. ஏற்கெனவே ஆப்பிளும் பிளம்ஸும் இருக்கும் குழம்பில் அது கூடுதல் சுமை. என் முதல் ஸ்டூ ஏன் அவ்வளவு தித்தித்தது என்பது அப்போதுதான் விளங்கியது. நான் பழத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்லோ குக்கரைக் குறை சொல்ல மாட்டேன். இர்விங் நாக்சன் என்பவர் இதற்கு 1940-இல் காப்புரிமை பெற்றார்; ஆரம்பத்தில் இது பீன்ஸ் வேகவைக்கும் பாத்திரமாகத்தான் விற்கப்பட்டது. 1971-இல் கிராக்-பாட் என்ற பெயரில் பரவலாக விற்பனைக்கு வந்த பிறகுதான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு வெளியே போகும் பழக்கம் பரவியது. ஒரே பொருளை நெடுநேரம் வேகவைக்க இது அற்புதமான பாத்திரம். பழமும் கிழங்கும் கறியும் சேரும்போது எது எப்போது உள்ளே போகவேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்யவேண்டும்.

மூன்றாம் முறை நான் செய்தது இது. கேரட்டைத் தடித்த துண்டுகளாக வெட்டி, சட்டியில் கொதித்துக்கொண்டிருந்த ஜூஸ், தண்ணீர், வெங்காயக் கலவையிலேயே போட்டு ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். அந்த அபாயமான வெதுவெதுப்பைக் கேரட் சில நிமிடங்களில் தாண்டிவிட்டது. என்சைமும் அந்தக் கொதியில் செயலிழந்துவிடும். கொதிக்கக் கொதிக்க அப்படியே குக்கரின் அடியில் கொட்டினேன். குக்கரை முன்கூட்டியே 'ஹை'யில் போட்டு வைத்திருந்தேன். மேலே கறி, பிரிஞ்சி இலை, பட்டை, துருவிய இனிப்பு ஆப்பிள், பிளம்ஸில் பாதி. நேரம் காலை 9.40.

திரவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கறி மூழ்கவேண்டும் என்று முதல் முறை ஒரு லிட்டர் ஊற்றியிருந்தேன். குக்கரின் மூடி ஆவியை அதிகம் வெளியே விடாது, அதனால் பெரிதாக எதுவும் வற்றாது. தவிர, கறியே நிறையச் சாறு விடும். மூன்றாம் முறை சமைத்து முடித்துக் கறியை மட்டும் நிறுத்துப் பார்த்தேன்: 1.6 கிலோ, 1.1 கிலோவாகியிருந்தது. அந்த அரைக் கிலோவும் குழம்பில்தான் இருக்கிறது. ஆகவே தொடக்கத்தில் கறியின் பாதி உயரத்துக்குத் திரவம் இருந்தாலே போதும். மதியத்துக்குள் அது தானே மூடிவிடும்.

10.40-க்கு 'லோ'வுக்கு மாற்றினேன். 12.40-க்கு, மூன்று மணி நேரம் முடிந்த நிலையில், ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன். ரப்பர். முதல்முறை செய்பவர்கள் இங்கேதான் பயந்துவிடுவார்கள், அதிகம் வெந்துவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் தசை நார்கள் சுருங்கி நீரைப் பிழிந்துவிட்டன, சவ்வு இன்னும் உருகவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மோசமான நேரம் அது. தெர்மாமீட்டர் கறியின் நடுவில் 80-ஐக் காட்டியது. பாதுகாப்பு என்று பார்த்தால் இது எப்போதோ வெந்த கறி. அமெரிக்க வேளாண் துறை 2011-இல், முழுத் துண்டாக இருக்கும் பன்றிக்கறிக்கு 63 டிகிரியும் அதற்குமேல் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று அறிவித்தது. ஆனால் 63 டிகிரியில் தோள்பட்டைக் கறியை மெல்ல முடியாது. உண்ணத் தகுந்த சூடு வேறு, மென்மையாகும் சூடு வேறு. இரண்டாவதற்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். மூடியை மூடிவிட்டு ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே போகவில்லை.

1.40-க்கு டர்னிப். இதைத் தொடக்கத்திலேயே போட்டால் ஒரு கசப்பும், முட்டைக்கோசை நெடுநேரம் வேகவைத்தால் வருகிற மாதிரி ஒரு நெடியும் குழம்பு முழுக்க ஏறும். இரண்டரை மணி நேரம் அதற்குத் தாராளம். 2.40-க்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. பச்சையாக அப்படியே போட்டுக் குழம்பைக் குளிரவைக்கவில்லை. இரண்டு கரண்டி குழம்பைச் சின்னச் சட்டியில் எடுத்துக் கொதிக்கவைத்து, அதில் கிழங்கைப் போட்டு மூன்று நிமிடம் புரட்டி, சூட்டோடு சேர்த்தேன். டர்னிப்புக்கும் அப்படித்தான் செய்தேன். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் சூடு இறங்கும், அது மறுபடி ஏறக் கால் மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சூடாகப் போட்டால் அந்த இழப்பு பெரிதாகத் தெரியவில்லை.

3.20-க்கு முள்கரண்டியைக் கறியில் குத்தித் திருகினேன். தடையில்லாமல் பிரிந்தது, ஆனால் துண்டு வடிவம் கெடவில்லை. நான் தேடிய பதம் இதுதான். முதல் முறை இதைத் தாண்டிப் போய்விட்டேன். எல்லாம் நாராகிவிட்டால் அது வேறொரு உணவு.

பழத்தை இரண்டாகப் பிரித்ததுதான் இந்த மூன்று முயற்சியிலும் நான் மிகவும் மகிழ்ந்த கண்டுபிடிப்பு. பழத்துக்கு இந்த ஸ்டூவில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, குழம்பில் கரைந்து அதற்கு உடலும் இனிப்பும் தருவது. இன்னொன்று, வாயில் தனியாகத் தட்டுப்பட்டு, கொழுப்பான கறிக்கு நடுவே நாக்கைத் தெளியவைப்பது. ஒரே பழம் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யாது. காலையில் போட்ட துருவிய ஆப்பிளும் பாதி பிளம்ஸும் இப்போது கண்ணுக்கே தெரியவில்லை. குழம்பின் நிறத்திலும் கனத்திலும்தான் அவை இருந்தன. மாவு எதுவும் சேர்க்காமலே கரண்டியின் பின்பக்கம் பூசினாற்போல் நின்றது.

இரண்டாவது பாதிக்காக, பச்சை ஆப்பிள்களைத் தோலோடு எட்டெட்டுத் துண்டுகளாக வெட்டினேன். புளிப்பான, இறுக்கமான ஆப்பிள் சூட்டில் வடிவம் காக்கும். மாவு மாதிரியான வகைகள் பத்தே நிமிடத்தில் கூழாகிவிடும். கேரட்டை வேகவிடாமல் செய்த அதே அமிலம் இங்கே நமக்குச் சாதகம், ஆப்பிளின் சொந்தப் புளிப்பே அதன் பெக்டினைக் காக்கிறது. குக்கரிலிருந்து வழித்தெடுத்த ஒரு கரண்டிக் கொழுப்பைச் சட்டியில் காயவைத்து, ஆப்பிளின் இரண்டு பக்கமும் பொன்னிறமாகும்வரை வறுத்தேன். 3.40-க்கு அதையும் மீதி பிளம்ஸையும் குக்கரின் மேற்புறம் பரப்பினேன், கிளறவில்லை. அரை மணி நேரத்தில் பிளம்ஸ் உப்பி, தோல் பளபளத்தது.

பேரிக்காயும் இதே முறையில் நன்றாக வரும், கொஞ்சம் காயாக இருக்கவேண்டும். உலர்ந்த ஆப்ரிகாட் சேர்த்தால் பிளம்ஸைவிடப் புளிப்பு கூடும். சமைக்காத அன்னாசியிலும் பப்பாளியிலும் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அவற்றில் புரதத்தை உடைக்கும் என்சைம்கள் உண்டு. சமைப்பதற்கு முன் கறியை அவற்றில் இரவெல்லாம் ஊறவைத்தால் மேற்பரப்பு மாவாகக் குழைந்துவிடும்.

4.10-க்கு நிறுத்தினேன். கறி, கிழங்கு, பழம் எல்லாவற்றையும் துளைக்கரண்டியால் அகலமான தட்டில் எடுத்துவைத்து, குழம்பை மட்டும் அகலச் சட்டியில் ஊற்றினேன். மேலே மிதந்த கொழுப்பை வழித்தெடுத்த பிறகு பன்னிரண்டு நிமிடம் கொதித்து மூன்றில் ஒரு பங்கு வற்றியது. உப்பை இந்த இடத்தில்தான் பார்க்கவேண்டும், முன்னால் பார்த்தால் வற்றியதும் கரித்துவிடும். எனக்குக் கால் டீஸ்பூன் தேவைப்பட்டது. கடைசியாக வினிகர் இரண்டு டீஸ்பூன். அதை ஊற்றிக் கிளறி மறுபடி ருசி பார்த்தபோதுதான், அதுவரை இனிப்பும் கொழுப்புமாகத் தனித்தனியே நின்றவை ஒன்றாகச் சேர்ந்தன. வினிகர் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கேரட்டைத்தான் முதலில் எடுத்துச் சாப்பிட்டேன். நாக்குக்கும் மேல்வாய்க்கும் நடுவில் வைத்து அழுத்தினாலே நசுங்கியது. முழுசாக, விளிம்பு கலையாமல், குழம்பின் ருசியை உள்வாங்கியிருந்தது. அப்படியே இன்னும் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் கறியின் பக்கம் போனேன்.

ஸ்லோ குக்கர் இல்லாதவர்கள் மூடியுள்ள கனமான சட்டியில், 140 டிகிரி ஓவனில் மூன்று முதல் மூன்றரை மணி நேரம் வைக்கலாம். அடுப்பில் கொதிக்கவைத்துவிட்டு ஓவனுக்குள் தள்ளுவதால் கேரட் சிக்கல் அங்கே வராது. டர்னிப், சர்க்கரைவள்ளிக்கிழங்கு இரண்டையும் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதும், வறுத்த ஆப்பிளைக் கடைசி இருபது நிமிடத்திலும் சேர்க்கவேண்டும். இரண்டாம் முயற்சியின் மறுபாதிக் கறியை இப்படித்தான் செய்து பார்த்தேன். விளிம்புகள் கூடுதலாகச் சிவந்து, நிறம் இதைவிட நன்றாகவே இருந்தது. அடிக்கடி திரவத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எந்த முறையானாலும் உறைந்த கறியை நேரடியாக ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். உருகி 60 டிகிரியைத் தாண்டுவதற்குள் கிருமிகள் பெருக அதற்கு நிறைய நேரம் கிடைத்துவிடும்.

மீந்ததை ஆழமான பாத்திரத்தில் அப்படியே விடாமல், தாழ்வான இரண்டு டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலையில் திறந்தால் மேலே கொழுப்பு வெள்ளைத் தட்டாக உறைந்திருந்தது, கத்தி முனையால் நெம்பியதும் ஒரே துண்டாக வந்துவிட்டது. அடியில் குழம்பு ஜெல்லியாகக் கட்டியிருந்தது. டப்பாவைச் சாய்த்தாலும் அசையவில்லை. சவ்வெல்லாம் முழுசாக உருகியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. சிம்மில் வைத்து, கிளறாமல் சட்டியை மட்டும் ஆட்டி ஆட்டி, நடுப்பகுதி 74 டிகிரி வரும்வரை சூடாக்கினேன். முதல் நாளைவிடச் சுவை ஒரு படி மேலே இருந்தது, பட்டையின் மணமும் பழத்தின் புளிப்பும் கறிக்குள் இறங்கியிருந்தன. ஆப்பிள் மட்டும் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. அடுத்த முறை மறுநாளுக்கென்று ஒரு பச்சை ஆப்பிளைத் தனியாக வைத்திருந்து, சூடாக்கும்போது புதிதாக வறுத்துச் சேர்க்கப் போகிறேன்.